ஆண்டு முடிய ஐந்து மணி நேரம்

தாமிர லாரிகள் எங்கள் ஊரில் நிற்பதில்லை.
விடிய விடிய எண்ணினால் நூற்றிருபது,
ஞாயிறென்றால் கொஞ்சம் குறையும்.
அவை கிளப்பிப் போகும் புழுதிக்குச்
சட்டப்படி எங்களுக்கொரு பங்குண்டு.
பணமாக வரும்.
இந்த ஆண்டு வந்தது பதினொரு மில்லியன் சோல்,
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
தொள்ளாயிரம் பேர் வாழும் பால்காமாயோவுக்கு.

எங்களை ஏழைகள் என்று
பேரேட்டைப் பார்த்த யாரும் சொல்வதில்லை.

நான் நகராட்சியில் பட்ஜெட் எழுத்தர்,
ஃபவுஸ்தினோ ஹுவச்சாக்கா.
வரவுப் பத்திக்கு ஐந்து நிமிடம் போதும் எனக்கு.
செலவுப் பத்திக்கு ஒரு பொறியாளர் வேண்டும்.
மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவருக்கு மூச்சு முட்டியது.
ஒருவருக்குச் சுரங்கத்தில் இரட்டைச் சம்பளம்.
மூன்றாமவர் எங்கே என்று
அறை வாடகைக்கு விட்டவள்
இன்னும் என்னிடம்தான் வந்து கேட்கிறாள்.

முந்தைய மேயர் விளையாட்டரங்கம் கட்டினார்,
மூவாயிரம் இருக்கை.
ஊரே போய் உட்கார்ந்தாலும் எதிரொலிக்கும்.
பிளாஸ்டிக் புல்லை
ஓர் அல்பாக்கா ஒருமுறை மென்று பார்த்துத்
துப்பிவிட்டுப் போனது.

செவ்வாய்தோறும் எவுலோகியா அங்காசி வருவாள்,
மேல்தெரு.
பேச மாட்டாள். மேசையில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைப்பாள்.
ஊற்றுநீர், அடியில் விரல் கனத்துக்குச் செம்மண்.
கொடுத்ததற்கு ரசீது கேட்பாள்.
அதற்கு எங்களிடம் படிவம் இல்லை.
புட்டிமேல் தேதி எழுதி
ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தேன்,
வேறென்ன செய்ய.

மேல்தெருக் குடிநீர்க் கோப்பு
முதல்முறை திரும்பி வந்தது:
ஊற்று வரைபடத்தில் இருபது மீட்டர் தள்ளியிருக்கிறதாம்.
இரண்டாம்முறை: முத்திரை மங்கல்.
மூன்றாம்முறை ஆளுநரே மாறிப்போயிருந்தார்,
புதியவருக்கு எல்லாம் புதிதாக வேண்டும்,
கோப்பின் உறைகூட.
லிமாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டார்:
மலைதானே, தண்ணீர் தானாகக் கீழே வராதா?
வரும் ஐயா, என்றேன்.
தெரு ஊற்றுக்கு மேலே இருக்கிறது.
வெகுநேரம் தாள் புரளும் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.

டிசம்பர் முப்பத்தொன்று, மாலை ஏழு.
நள்ளிரவில் கணினி கணக்கை மூடிவிடும்.
மிச்சம் தலைநகருக்குத் திரும்பும்,
கூடவே ஒரு குறிப்பு:
'செலவழிக்கத் திராணியற்ற நகராட்சி.'
அடுத்த ஆண்டு அதைச் சொல்லியே குறைப்பார்கள்.
மேயர் குளோதில்தா கெட்டவள் இல்லை,
இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.
குறியீட்டு எண் கிடைத்த திட்டம் எது, என்றாள்.
ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு, என்றேன்.
தண்ணீருக்கு?
இன்னும் இல்லை.
தொப்பியைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள்.
வளைவு, என்றாள், ஜன்னலைப் பார்த்து.
பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது.
வளைவின் விலைபோக மிச்சமெல்லாம்
பன்னிரண்டு அடித்ததும் வந்த வழியே போனது.
ஊரில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச்சில் வளைவு நின்றது.
இரண்டு சிமெண்டுச் சோளக்கதிர், நடுவே காண்டோர்.
கொத்தனார் கடற்கரைக்காரர்,
காண்டோருக்குக் கோழிக்கழுத்து.
செவ்வாய்க்கிழமைகளில் மேசை காலியாகக் கிடந்தது.
சலித்துவிட்டாள் போலும் என்று நினைத்தேன்,
கொஞ்சம் நிம்மதியாகக்கூட.

ஒருநாள் மழையில் அந்தப் பக்கம் போனேன்.
காண்டோரின் வால் வழியே கொட்டுகிற இடத்தில்
நீல டிரம் ஒன்று.
எவுலோகியா குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள்,
பின்னால் மேல்தெரு வரிசை.
தெளிந்த தண்ணீர், வானத்திலிருந்து நேராக,
எந்த அலுவலகத்தையும் தொடாமல்.
என்னைப் பார்த்தாள்.
'இன்னொரு வளைவு கட்டச் சொல்லு,' என்றாள்.
கேலியா தெரியவில்லை.
வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நிறைவு அறிக்கையில்
'பயனாளிகள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம்.
முப்பத்தேழு குடும்பம் என்று எழுதினேன்.
பொய் இல்லை.
அதை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

மே மாதம் மழை நின்றுவிடும்.
ஜன்னல் திண்டில் நாற்பத்தொரு புட்டிகள்,
மண் அடியில் தங்கி மேலே தெளிந்திருக்கின்றன.
வலப்பக்கம் நகர்த்தி
ஒன்றுக்கு இடம் விட்டிருக்கிறேன்.